நாப்பத்திரெண்டாவது விதர்லோ

சொல்லிடலாமா வேண்டாமா, சொல்லிடலாமா வேண்டாமான்னு காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சதுலேர்ந்து சகாயராணி அவகிட்டயே கேட்டுட்டிருந்தா. குச்சிய விட்டு சுண்ணாம்பக் கலக்கினா, ஒரு சிட்டிகை நீலம் போட்டா, அதிகமாப் போச்சோன்னு குனிஞ்சு பாத்தா, மறுபடியும் சொல்லிடலாமா வேண்டாமா. இன்னைக்குக் கல்லறைத் திருநாள். அரக்கோணம் கல்லறைத் தோட்டத்துக்கு மத்த ஜனமெல்லாம் மத்தியானத்துக்கு மேலதான் பூவும் மெழுகுவத்தியுமா வரும். இவ ஏழரைக்கே வந்துட்டா. ஒம்பது மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து வர்ற மின்சார ரயில்ல ஒரு வெள்ளக்காரர் இறங்கறார், மகன் நைஜல் ஸ்டேஷன்லயே நின்னு நேரா இங்க கூட்டிட்டு வர்றான், அதுக்குள்ள கல்லறையெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். அந்த வெள்ளக்காரர் பேரு ரோலண்ட் விதர்லோ. இவ புருஷன், செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, டெரிக் விதர்லோ. மகன் நைஜல் விதர்லோ. ஒரே பேரு. அந்த ஒரே பேருக்காகத்தான் அந்த மனுஷன் எழுபது வயசுல கடல் தாண்டி வர்றார், வரும்போது பையில ஒரு சின்னப் பெட்டியும் கொண்டு வர்றார், பெட்டிக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சி இருக்கு, அத நைஜல் வாய்க்குள்ள விட்டு கன்னத்துல தேச்சு எடுத்து அனுப்பினா போதும், ரெண்டு பேரும் ஒரே ரத்தமா இல்லையான்னு தெரிஞ்சுடும். அதான். இல்லைன்னு வரும். அது இல்லைன்னுதான் வரும்னு இந்த உலகத்துல உயிரோட இருக்கறவங்கள்ல சகாயராணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

மட்டைய சுண்ணாம்புல முக்கி முதல்ல மாமனார் செட்ரிக் கல்லறைல ஒரு இழுப்பு இழுத்தா. ஈரத்துல சாம்பலா இருக்கும், காய்ஞ்சாத்தான் வெள்ளையாகும், வானம் வேற மூடிட்டு நிக்குது, ஐப்பசி மழைக்குச் சொல்லிட்டா வர்ற பழக்கம். அந்த ரோலண்ட் தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவராம். ஊர்ல வீடு வீடா லெட்டர் போட்டுப் போட்டு, எல்லார் பேரும் ரெண்டு ரெண்டு பேருக்கு இருக்கு, நம்ம பேரு மட்டும் ஏன் எந்தக் கவர்லயும் வரலன்னு யோசிச்சிருக்கார், அங்க புடிச்ச பித்து முப்பது வருஷமா விடல. சர்ச்சு புஸ்தகம், சர்க்கார் புஸ்தகம், பட்டாளத்துப் புஸ்தகம்னு ஒண்ணு விடாம பொரட்டிட்டாராம். விதர்லோன்னா என்னன்னு நைஜலுக்கு போன்ல படம் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு குளுரு ஊர்ல ஆத்தோரமா ஒரு மேடு, மேட்டச் சுத்தி வில்லோ மரம், அந்த மேட்டு மேல ஒரு பண்ணை வீடு. வில்லோ மேடுன்னு அர்த்தமாம். எந்த விதர்லோவா இருந்தாலும் அந்த ஒத்த வீட்டுலேர்ந்து கெளம்பினவங்கதானாம். இப்ப உலகம் பூராத் தேடினாலும் நாப்பத்தோரு பேர்தானாம், அதுல முக்காவாசி கிழங்கட்டை. நைஜலக் கண்டுபிடிச்சதும் நாப்பத்திரெண்டுன்னு எழுதி, கேக் வெட்டி போட்டோ அனுப்பினார். இருபத்தேழு வயசு, கல்யாணமாகாத ஆம்பளப் பையன், இனிமே பேரு அழியாதுன்னு அந்த ஆளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வீடியோ கால்லதான் நைஜல் முன்ரூம்ல மாட்டியிருக்கற படத்தக் காட்டினான், அங்கிள், இதானே நம்ம பூர்வீக வீடுன்னு. அந்தப் படத்துக்கு ஒரு கதை இருக்கு. டெரிக்கோட தாத்தா வால்டர் மாட்டினது. பனிமலை, மர வீடு, வாசல்ல மாடு. இங்கிலாந்துல எங்க வீடுன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டுவாராம். ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியங்க மத்தியில அப்ப அப்படித்தான், ஒருத்தர் வீட்டுல ராணியோட ஒண்ணுவிட்ட சித்தி, இன்னொருத்தர் வீட்டுல கோட்டை, எதுவுமே இல்லாதவங்க கூட ஒரு அத்தைய லண்டன்ல வச்சிருப்பாங்க. ரோலண்ட் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, ரொம்ப அழகான வீடு, ஆனா மாட்டு கழுத்துல இருக்கற மணியப் பாத்தா சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கேன்னார், மெதுவா, மனசு நோகாம. கழட்டிப் பாத்தா பின்பக்கம் காலண்டர் தாளு, ஏதோ பால் டப்பா கம்பெனி. நைஜல் சோபால விழுந்து விழுந்து சிரிச்சான். அப்பன் செத்ததுக்கப்புறம் அவன் அப்படிச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தா.

அதான் தடுக்குது. சிரிச்சவன் வாய எப்படி அடைக்கறது. டெரிக் செத்த வருஷம் பூரா இந்தப் புள்ள பேசவே இல்ல. ரயில் டூட்டிக்குப் போவான், வருவான், சாப்பாட்டத் தட்டுல கோலம் போடுவான். அப்புறம் இந்தத் தபால்காரர் வந்து சேந்தார், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து அந்தப் பேரு இந்தப் பேருன்னு பேசுவாங்க, மம்மா, ஆயிரத்து எழுநூறுல ஒரு விதர்லோ ஆடு திருடி மாட்டிக்கிட்டாராம், மம்மா, ஒருத்தர் கப்பல்ல சமையல்காரராம். பள்ளிக்கூடத்துல பசங்க இவன கருப்பு வெள்ளக்காரான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேரச் சொல்லவே கூசிப் போய் நைஜல் டி. டபிள்யூன்னு எழுதிட்டிருந்தவன், இப்பத்தான் ஒரு வருஷமா முழுசா எழுதறான். டூட்டிக்கு எடுத்துட்டுப் போற பையில கூட எழுதியிருக்கான். அதப் போய் நான் என் வாயால. சகாயராணி மட்டைய வாளியில போட்டுட்டுக் கையப் பாத்தா. சுண்ணாம்பு விரல் இடுக்குல ஏறி எரிஞ்சுது. தேங்காயெண்ணெ தடவிட்டு வந்திருக்கணும், மறந்துட்டா, எதத்தான் மறக்கல, அடுப்புல பால வச்சுட்டுக் கூட வந்திருப்பா. இல்ல, அணைச்சா. அணைச்சாளா. அணைச்சா, குமிழத் திருப்பினது கையில ஞாபகம் இருக்கு.

"என்னம்மா, இவ்ளோ கல்லறைக்கும் ஒத்த ஆளா? தம்பி வரலையா?" தோட்டம் பாத்துக்கற சூசை கூடைய வச்சுட்டு நின்னார்.

"ஸ்டேஷனுக்குப் போயிருக்கான் சூசையண்ணே. சீமைலேர்ந்து ஆள் வர்றாங்க."

"சீமைலேர்ந்தா. அப்ப எனக்கு ஒரு கோட்டு கெடைக்கும்."

"அவரு தபால்காரருண்ணே. கெடைச்சா சைக்கிள் பெல்லுதான்."

"அதுவும் ஆவும், நம்ம பெல்லு போன மாசமே போச்சு"ன்னுட்டு அவர் அந்தப் பக்கம் புல்லு செதுக்கப் போயிட்டார். நல்ல மனுஷன். அவர்கிட்ட சொல்லிப் பாக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, யார்கிட்டயாவது ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிட்டா ரெண்டாவது தரம் லேசா வருமே. வேணாம். முதல்ல கேக்க வேண்டியவன் நைஜல். சூசை காதுக்குப் போய் நைஜல் காதுக்கு வந்தா அத விடக் கேவலம் உண்டா. சரி, சொல்லாமலே விட்டா என்ன ஆகும். குச்சிய அனுப்புவாங்க, ஆறு வாரம் கழிச்சு பதில் வரும், நைஜல் அத தனியா உக்காந்து படிப்பான், நம்ம அப்பாவோட அம்மாவோ பாட்டியோ எவளோ தப்பு பண்ணிட்டான்னு நெனப்பான். அப்படித்தானே நெனப்பான், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. ஐயோ, மம்மி மேல அந்தப் பழி வரலாமா.

மம்மின்னா இவ மாமியார் ஆலிவ். அடுத்தது அவங்க கல்லறைதான். சகாயராணி மட்டைய மெதுவா இழுத்தா, முதுகு தேச்சு விடற மாதிரி. முதுகு தேச்சும் விட்டிருக்கா, கடைசி ஒரு வருஷம். ஆனா வந்த புதுசுல அந்தம்மா இவள அடுப்படிக்குள்ள விடல. இவ தையக்காரி. ஸ்டேஷன் ரோட்டுல பள்ளிக்கூட யூனிஃபார்ம் தச்சிட்டிருந்தவ. டெரிக் ரயில்ல கார்டு வேல, வெள்ளை பேண்டு இடுப்புல லூசா இருக்குன்னு கொண்டு வந்தார், புடிச்சுக் குடுத்தா அடுத்த வாரம் டைட்டா இருக்குன்னார், விட்டுக் குடுத்தா மறுபடியும் லூசுன்னார், நாலாவது தரம் வந்தப்ப இவளே கேட்டா, பேண்டுக்கு வர்றீங்களா எனக்கு வர்றீங்களான்னு. அந்த மனுஷன் காது செவந்து போச்சு. கல்யாணத்தன்னைக்கு ஆலிவ் ஒரு மூலைல உக்காந்து அழுதது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. நம்ம நிறத்தப் பாத்துத்தான் அழுவுதுன்னு இவ ஆத்தா கோவத்துல சாப்பிடாமலே போயிட்டா. அது வேற கதை. அப்புறம் ஒரு வருஷம், இதே கல்லறைத் திருநாள், மாமியாரும் மருமவளுமா இதே எடத்துல மெழுகுவத்தி கொளுத்தறாங்க. எல்லாருக்கும் ஒண்ணு வச்சாச்சு. ஆலிவ் பையிலேர்ந்து இன்னொண்ண எடுத்து, வால்டரோட அப்பா இஞ்சின் டிரைவர் ஆர்தர் கல்லறைக்குக் கால்மாட்டுல, வெறுந்தரைல நட்டாங்க. வருஷா வருஷம் வைக்கறதுதான். பேரு தெரியாத ஆன்மாக்களுக்குன்னு சொல்லுவாங்க. அன்னைக்கு சகாயராணி கேட்டா, ஏன் மம்மி, பேரு தெரியாதவங்களுக்குன்னா வாசல்ல வைக்கலாமே, ஏன் டிரைவர் தாத்தா காலடில. ஆலிவ் அவளையே பாத்துட்டிருந்தாங்க. அப்புறம், "இப்படி உக்காரு சைல்ட். நீ வந்த அன்னைக்கு நான் ஏன் அழுதேன் தெரியுமா. உன் கலருக்குன்னு உங்கம்மா நெனச்சாங்க. உன் கண்ணப் பாத்து அழுதேன். இந்தப் பொண்ணு ஒரு நாள் கேட்டுடுவான்னு எனக்குத் தெரியும்"னாங்க.

அன்னைக்குச் சொன்னதுதான். ஆர்தர் விதர்லோ இங்கிலாந்துலேர்ந்து வந்த டிரைவர். அவருக்கும் பொண்டாட்டி எமிலிக்கும் புள்ள இல்ல. அவர் இஞ்சின்ல கரி போடற ஃபயர்மேன் முனுசாமி. அந்தக் காலத்துல டிரைவரும் ஃபயர்மேனும் ஜோடி, ஒரு இஞ்சின்னா வருஷக்கணக்கா அதே ரெண்டு பேர்தான். கரி அள்ற மண்வெட்டிய அடுப்புல காட்டி அதுலயே முட்டை பொரிச்சு ஆளுக்குப் பாதி திம்பாங்களாம். ஒரு நாள் ரேணிகுண்டாவுக்குப் பக்கத்துல போயிட்டிருக்கும்போது பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டற கண்ணாடிக் குழாய் வெடிச்சுது. கொதிக்கற ஆவி அப்படியே ஆர்தர் பக்கமா பீறிட்டு அடிச்சுது. முனுசாமி கைய ஆவிக்குள்ள விட்டு குழாய அடைச்சார். ஆர்தருக்கு ஒரு காதுதான் வெந்துது. முனுசாமி மூணு நாள்தான் உயிரோட இருந்தார். பொண்டாட்டி புள்ளப்பேறுலயே போயிருந்தா, வீட்டுல மூணு வயசுப் பையன். ஆர்தர் அந்தப் பையனத் தோள்ல தூக்கிட்டுக் கோயிலுக்குப் போய், என் மகன், வால்டர் விதர்லோன்னு எழுதுங்க சாமின்னு சொன்னார். சாமியார் பையனையும் பாத்தார், இவர் முகத்தையும் பாத்தார், ஞானஸ்நானப் புஸ்தகத்துல எழுதிட்டார். அவ்வளவுதான். அந்த வால்டர்தான் டெரிக்கோட தாத்தா, சுவிட்சர்லாந்து மாட்டப் புடிச்சு மாட்டினவர். மூணு வயசுல நடந்தது முழுசா ஞாபகம் இருக்குமா, ஆர்தர் சாகறப்ப சொல்லிட்டுப் போனாராம். வால்டர் தன் மருமவ ஆலிவ்கிட்ட மட்டும் சொன்னார், மகன்கிட்ட சொல்லல. அப்ப டிரைவர் வேலைக்கெல்லாம் சட்டைக்காரங்களத்தான், அதான் ஆங்கிலோ இந்தியங்களத்தான் எடுப்பாங்க, பேருதான் சோறு, வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். வேலைக்கான பயம் போய் எத்தனையோ வருஷமாச்சு. இவன் நைஜல் பரிச்சை எழுதித்தான் வேலைக்குப் போனான், எவனும் புடுங்க முடியாது. ஆனாலும் வாய் வரல பாரு, மருமவ மருமவளாக் கை மாறி வந்த நகை மாதிரி, மகனுக்குக் காட்டினதே இல்ல.

பையத் தொறந்து முனுசாமிக்கான மெழுகுவத்திய எடுத்தா. இந்த வருஷம் நடறதா. அந்த மனுஷன் பாத்துட்டு இது யாருக்குன்னு கேட்டா. கேக்கட்டும். இல்ல, கேக்க வேணாம். நட்டா, புடுங்கினா, திரும்ப நட்டா. மண்ணு ஈரமா இருந்ததால நேரா நின்னுச்சு. ஆர்தர் கல்லுல எழுத்து மங்கிக் கெடந்துது, கறுப்பு பெயிண்டத் தொட்டு ஒவ்வொரு எழுத்தா ஓட்டினா, வருஷா வருஷம் இவதான் ஓட்டறா, கண்ண மூடிட்டுக் கூட ஓட்டுவா. விதர்லோ. வில்லோ மேடு. ஒரு வார்த்தையக் கையால எழுதிட்டே இருந்தா அது எங்கயாவது இழுத்துட்டுப் போகும் போல, மேடுன்னதும் இவளுக்கு அவ அப்பா வீடு நெனப்பு வந்துது. திருவள்ளூருக்கு அந்தப் பக்கம், அவங்கள எல்லாரும் கெணத்துமேட்டு வீட்டுக்காரங்கன்னுதான் கூப்பிடுவாங்க. கெணறு எப்பவோ தூந்து போச்சு. அந்த வீட்டுல இவ தாத்தா இருந்தார், தாத்தாவோட மச்சான் இருந்தார், ஏரு ஓட்ட வந்து அங்கயே தங்கிட்ட சின்னான்னு ஒருத்தர் இருந்தார், அவர் புள்ளைக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் கெணத்துமேட்டு சின்னான் மவன்னுதான் சொன்னாங்க. மேட்டுல இருந்தா மேட்டுக்காரன். அவ கை நின்னுச்சு. அப்ப அந்தக் குளுரு ஊரு மேட்டுலயும் அப்படித்தானே இருந்திருக்கும். மாடு மேய்க்க வந்தவன், அனாதையா வந்தவன், கட்டிட்டு வந்தவ, எல்லாத்தையும் ஊரு விதர்லோன்னுதானே கூப்பிட்டிருக்கும். முதமுதல்ல அந்தப் பேரு ரத்தத்துக்கா வந்துச்சு, இருந்த எடத்துக்குத்தானே வந்துச்சு. ஆர்தர் தூக்கிட்டுப் போய் ஒரு புள்ளைய அந்த மேட்டுல உக்கார வச்சார். இது சரியா, இல்ல நான் பயத்துல எனக்குச் சாதகமா தச்சிக்கறேனா. துணி சின்னதா இருந்தா எங்க வேணா இழுத்து தச்சுடுவேன், எனக்கு அது கை வந்தது. அப்படி இருந்தாலும் இருக்கட்டும். சொல்லிடறேன். குச்சி சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன். ரெண்டு தூறல் கழுத்துல விழுந்துது, அப்புறம் விழல.

ஒம்பதே காலுக்கு ஆட்டோ வந்து நின்னுச்சு. நைஜல் முன்னாடி இறங்கினான், பின்னாடி நெட்டையா, செவசெவன்னு, தொப்பியோட ஒரு ஆள். "மம்மா, அங்கிள் ரோலண்ட்." அந்த மனுஷன் இவ கையப் புடிச்சார், சுண்ணாம்பு அப்பிக்குச்சு, தொடைக்கல. ஆர்தர் கல்லப் பாத்ததும் நேரா போய் ஈரச் சுண்ணாம்புலயே முட்டி போட்டுட்டார். பேண்டு போச்சுன்னு தையக்காரி மனசு சொல்லுச்சு. அவர் எந்திரிச்சு மூக்க உறிஞ்சிட்டு, பையிலேர்ந்து அந்தப் பெட்டிய எடுத்தார். நைஜல் சிரிச்சுட்டே ஆன்னு வாயத் தொறந்தான்.

"வாய மூடுடா நைஜல்."

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க. சகாயராணி தமிழ்லயே சொன்னா, மகனப் பாத்து, மூச்சு விடாம, முனுசாமி, கண்ணாடிக் குழாய், மூணு நாள், மூணு வயசுப் பையன், மம்மி. கடைசியா, "உங்க அப்பாவுக்கும் தெரியாதுடா. நான்தான் மறைச்சேன்"னா. நைஜல் குனிஞ்சு, தரைல நட்டிருந்த மெழுகுவத்தியப் பாத்தான். அவன் எப்பவும் இப்படித்தான், சின்னதுல ஊசி போட்டாலும் சத்தம் வராது.

"குழாய்க்கு மேல ஒரு அடைப்பு, கீழ ஒரு அடைப்பு இருக்கும் மம்மா"ன்னான் மெதுவா. "ரெண்டையும் அடைக்கணும். ரிட்டயர் ஆன ஒரு டிரைவர் சொல்லியிருக்கார். மேல அடைச்சவுடனே கைய எடுத்திருந்தா அவர் பொழச்சிருப்பார். கீழயும் அடைச்சிருக்கார்."

"என்னடா சொல்ற."

"நான் என்ன வேல பாக்கறேன் மம்மா?"

"இஞ்சின்ல டிரைவருக்கு உதவியாளு."

"அந்தக் காலத்து ஃபயர்மேன்தான் இப்ப அந்த வேலை. பேரு மட்டும் மாத்திட்டாங்க. நான் தெனமும் அவர் சீட்டுலதான் உக்கார்றேன்." அவன் கண்ணு தளும்பிச்சு, ஆனா மொகம் விழல, அவ பயந்த மாதிரி விழல. "இத இத்தினி வருஷம் எங்கிட்ட சொல்லாம நீ எப்படி மம்மா தூங்கின."

ரோலண்ட் என்ன ஆச்சுன்னு கேட்டார். நைஜல் இங்கிலீஷ்ல சொன்னான். இவளுக்கு அந்த வீட்டுல இருந்து இருந்து இங்கிலீஷ் நல்லாவே புரியும். இவ சொன்னத விட நீளமாச் சொன்னான், முனுசாமிய எங்க தாத்தாவோட தாத்தான்னு சொன்னான், ஆர்தரையும் அப்படியே சொன்னான், நிறுத்தாம ரெண்டையும் சொன்னான். வெள்ளக்காரர் தொப்பியக் கழட்டி மடியில வச்சுட்டு செட்ரிக் கல்லறை ஓரமா உக்காந்துட்டார். பெட்டி மூடி தொறந்தபடியே இருந்துது. "எனக்கு ஏமாத்தமா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்"னார் கடைசியா. "அம்பது வயசுக்குக் கீழ எங்களுக்கு வேற யாரும் இல்ல." சகாயராணி அந்த மேட்டுக் கதைய அவர்கிட்ட சொல்லணும்னு வாயெடுத்தா, இங்கிலீஷ் வரல, கெணத்துமேட்டுக்கும் சின்னானுக்கும் எங்க போய் இங்கிலீஷ் தேடறது, நைஜலப் பாத்து, சொல்லுடா, அந்த மேட்டுல ஏரு ஓட்ட வந்தவனுக்கும் அதே பேருதானே இருந்திருக்கும்னு கேளுடான்னா. அவன் கேட்டான். அந்த மனுஷன் தலைய ஆட்டினார், முப்பது வருஷம் படிச்சதையெல்லாம் திரும்பப் பொரட்டற மாதிரி. ஆமாம்னார். பழைய புஸ்தகத்துல அந்தப் பண்ணைல வேலைக்கு நின்னவங்க பேரும் அப்படித்தான் எழுதியிருக்கு, யாரு எந்த வீட்டு ரத்தம்னு எனக்கே பல எடத்துல தெரியாது, ஆனாலும் ஒரே குடும்பமாத்தான் கோடு போட்டிருக்கேன்னார்.

பையிலேர்ந்து ஒரு பெரிய காகிதத்த எடுத்துப் பிரிச்சார், பிரிக்கப் பிரிக்க வந்துட்டே இருந்துது, கல்லறை பத்தல. பூராப் பேரு, பூராக் கோடு. வலது ஓரத்துல ஆர்தர், அங்கேர்ந்து ஒரு கோடு வால்டருக்கு. பென்சில எடுத்தார். அழிக்கப் போறார்னு சகாயராணி கண்ண எடுத்துட்டா. அவர் அழிக்கல. ஆர்தருக்குப் பக்கத்துல எடம் பாத்து, முனுசாமிய எப்படி எழுதறதுன்னு நைஜலக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தா எழுதினார், அங்கேர்ந்தும் வால்டருக்கு ஒரு கோடு போட்டார். போட்டுட்டு, கண்ணாடிய மேல ஏத்திட்டு இவளப் பாத்தார், ஏமாத்தமெல்லாம் எங்க போச்சோ, மூஞ்சில தபால்காரர் களை வந்துடுச்சு.

"முனுசாமியோட அப்பா பேரு என்ன? அவங்களுக்கு எந்த ஊரு?"

ஆலிவும் சொல்லல, இவளும் கேக்கல, அந்த மனுஷன் செத்து நூத்தி இருபத்தஞ்சு வருஷமாச்சு, அவருக்கு ஒரு அப்பா இருந்திருப்பார், ஒரு ஊர் இருந்திருக்கும்னு இந்தக் குடும்பத்துல ஒருத்தரும் நெனச்சுப் பாத்ததில்ல. "தெரியாதுங்க"ன்னா. அவர் அதுக்கு அசரல. முனுசாமிங்கற பேருக்கு மேல ஒரு கோட்ட இழுத்து, அந்தக் கோட்டு முனைல எடம் விட்டு வச்சார். நைஜல் அவர் பக்கத்துல குந்தி உக்காந்து, பழைய ஃபயர்மேனுங்க ரிஜிஸ்டர் எங்க இருக்கும்னு யார் யாரைக் கேக்கலாம்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சான்.